வாள் சுழலும்போது கூப்பிடாதீர்கள்



என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் இப்போது ஓடாவி வேலை செய்கிறார். அண்மையில் சந்தித்தபோது ஸலாம் சொல்லிக் கை தந்தார். சுட்டுவிரல் பாதியோடு நின்றிருந்தது. மேசை வாளில் பலகை கிழித்துக்கொண்டிருந்த நேரம், தேநீர் ஆறுகிறதென்று மனைவி பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். இவர் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான். அந்தப் பெண்பிள்ளை இன்றும் தன்னையே நொந்துகொள்கிறாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையே!

மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று நம் ஊர்களில் எத்தனையோ பட்டறைகள் வீட்டு வளவுக்குள்ளேதான் இருக்கின்றன. ஆகவே இது பெண்களும் அறியவேண்டிய விடயம்.

10 அங்குல வாள் நிமிடத்துக்கு 4000 தடவை சுற்றினால், அதன் பல் மணிக்குச் சுமார் 190 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும். பலகையை நெடுக்காகக் கிழிக்கும்போது, ஈரமான அல்லது முறுகிய மரம் பிளவை மூடி வாளை நெரிக்கும். உடனே வாள் பலகையை ஆளை நோக்கி எறியும். பிடித்திருந்த கையும் வாளுக்கு இழுபடும். இதைத் தடுக்கவே வாளுக்குப் பின்னால் மெல்லிய தகடு ஒன்று நிற்கிறது. "இடைஞ்சல்" என்று அதைக் கழற்றி மூலையில் போடுகிறார்கள். அது மூலையில் கிடந்தால் எடுத்துப் பூட்டச் சொல்லுங்கள். வாளுக்கு நேரே நிற்காமல் சற்று விலகி நிற்பதும், வாளின் பல்லைப் பலகைக்கு மேலே சிறிதளவு மட்டும் உயர்த்துவதும் காப்பாகும்.

கதவுக்கும் அலுமாரிக்கும் பீடிங் வெட்டுவது இன்னும் ஆபத்து. மெல்லிய சட்டத்தைப் பிடித்தால் விரல் வாளருகே போய்விடும். அகலமான பலகையின் ஓரத்தில் முதலில் வடிவத்தை வெட்டி, பிறகு அந்த ஓரத்தைக் கிழித்தெடுப்பதே முறை. கடைசிப் பகுதியைக் கையால் தள்ளக்கூடாது, தள்ளுகட்டையால் தள்ளவேண்டும். விரல் போனால் வராது. கட்டை போனால் இன்னொன்று செய்யலாம்.

வீட்டிலுள்ள நீங்கள் செய்யக்கூடியவை சில:

வாளின் சத்தம் கேட்கும்வரை கூப்பிடாதீர்கள். அவசரமென்றால் அவர் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் போய் நில்லுங்கள்.

தொங்கும் சட்டைக்கை, மோதிரம், கையுறை எதுவும் வேண்டாம். துணியை வாள் பிடித்தால் கையையும் சேர்த்தே இழுக்கும்.

கரண்ட் போனால் உடனே சுவிட்சை அணைக்க நினைவூட்டுங்கள். திரும்பி வரும்போது வாள் தானாகச் சுழலத் தொடங்கிவிடும். அந்நேரம் பிள்ளையொன்று பக்கத்தில் நின்றால்?

மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1995 இல் வகைப்படுத்தியது. வாய்மூடி இல்லாமல் வேலை செய்ய விடாதீர்கள்.

விரல் துண்டிக்கப்பட்டால் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துண்டை ஈரத் துணியில் சுற்றிப் பொலித்தீன் பையில் இட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின் மேல் வைத்து வைத்தியசாலைக்கு விரையுங்கள். துண்டு நேரடியாகப் பனிக்கட்டியில் படக்கூடாது.

தோல் பட்டதும் கண்ணிமைக்குமுன் நின்றுவிடும் வாளை 1999 இல் அமெரிக்கரான ஸ்டீவ் காஸ் கண்டுபிடித்தார். நம் வளவிலுள்ள வாளுக்கு அந்த அறிவு இல்லை. அதற்குப் பக்கத்தில் நிற்பவருக்கும் வீட்டாருக்கும்தான் அது இருக்கவேண்டும்.

ஸகரிய்யா நபி (அலை) அவர்கள் செய்த தொழில் தச்சுத் தொழில். அத்தகைய தொழில் செய்து உழைத்துவரும் கை, பத்து விரலோடும் வீடு திரும்பட்டும். தேநீர் ஆறினால் சூடாக்கிக் கொள்ளலாம்.