செப்டம்பரும் நம்ம புள்ளைகளும்

ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. இராமநாதபுரம் மாவட்டத்தில் அதே செப்டம்பர் 11, பரமக்குடியில் இமானுவேல் சேகரன் நினைவு நாள். அக்டோபர் 30, பசும்பொன்னில் தேவர் குருபூசை. தடையுத்தரவு, செக்போஸ்ட், ரோந்து எல்லாம் இந்த ரெண்டு மாசத்துலதான். பதினஞ்சு பதினாறு வயசுப் பயலுக கையில் கலர்க் கயிறு கட்டி, ஒரே பைக்கில் மூணு பேரா ஏறிக் கத்திக்கிட்டுத் திரியிறதும் இப்போதான்.

'வயசுக் கோளாறு' என்று முடித்துவிடுகிறார்கள். சாதிச் சங்கக் கொடியின் நிறம் பையனின் மணிக்கட்டுக்குத் தானாகவா வந்தது? கயிறைத் தடுக்கச் சொல்லி 2019இல் பள்ளிக் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அமைச்சரே 'பழைய நடைமுறையே தொடரும்' என்றார். 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த ஆதிக்க சாதிப் பையன்கள். தடுக்கப்போன தங்கச்சிக்கும் வெட்டு. அதற்குப் பிறகுதான் நீதிபதி சந்துரு குழு. கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது என்று 2024 ஜூனில் அது அறிக்கை கொடுத்தது.

ஆதிக்க சாதிப் பையன் கட்டும் கயிறு மிரட்டல். நம்ம பையன் கட்டுவது, 'நாங்களும் கொறஞ்சவங்க இல்ல' என்கிற பதில். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் அதற்கு அவன் கொடுக்கும் விலை? 2011 செப்டம்பர் 9இல் கமுதி பக்கம் பள்ளபச்சேரியைச் சேர்ந்த பதினாறு வயதுத் தலித் மாணவன் கொல்லப்பட்டான். ரெண்டு நாள் கழித்துப் பரமக்குடியில் போலீஸ் சுட்டதில் 6 பேர் செத்தார்கள்.

சட்டமும் சும்மா விடாது. 2015 சிறார் நீதிச் சட்டப்படி, கொடுங்குற்ற வழக்கென்றால் 16 வயது முடிந்தவனைப் பெரியவனைப்போல விசாரிக்க வழியிருக்கிறது. 18 ஆகாதவன் வண்டி ஓட்டி மாட்டினால், 2019 திருத்தப்படி பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 3 வருசம்வரை ஜெயில், 25,000 ரூபாய் அபராதம். பையனுக்கு 25 வயசுவரை லைசென்ஸ் கிடையாது. கூலிக்காரத் தகப்பன் எங்கே போவான்?

இயக்கத் தோழர்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. வேனை நிரப்பப் பள்ளிக்கூடத்துப் பயலைக் கூப்பிடுவது யார்? பிளக்ஸில் அவன் படத்தைப் போடுவது யார்? கேசு வந்தபின் ஸ்டேஷன் வாசலில் நிற்பது அவன் ஆத்தா மட்டும்தானே?

பையனுக்கு அறிவுரை மட்டும் சொல்லி ஆகப்போவது ஒண்ணுமில்லை. வகுப்பில் சாதி சொல்லித் திட்டினால் பெரியவர்கள் நாலு பேர் அன்றைக்கே போய்த் தலைமையாசிரியரைக் கேட்க வேண்டும். எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். அசையாவிட்டால் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அவமானத்துக்கு ஊரே பதில் கேட்டால் பையன் தனியாகக் கயிறு கட்டிப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

கல்லூரி மாணவர்கள் ஊர்ச் சாவடியிலாவது சாயங்காலப் படிப்பு நடத்துங்கள். 18 ஆகாதவனை வேனில் ஏற்றாதீர்கள். போலீஸ் பிடித்தால் லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். இந்த வெவரம் தெரிந்த தோழர் ஊருக்கு ஒருத்தராவது வேண்டும்.

1957 செப்டம்பர் 10, முதுகுளத்தூர் சமாதானக் கூட்டத்தில் உட்கார்ந்து நம் மக்களுக்காகப் பேசினார் இமானுவேல் சேகரன். மறுநாள் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 32. அவர் பேரைச் சொல்லும் பயல் அப்படி எதிரே உட்கார்ந்து பேசத் தெரிந்தவனாக வளரணும். அதுக்கு அவன் முதலில் காலாண்டுத் தேர்வை எழுதணும்.