குரங்குக் காய்ச்சலும் சட்டை மாற்றும் கிருமியும்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு முறைக்காய்ச்சல் புதிய செய்தியல்ல. உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். கம்பளிக்குள் சுருண்டு நடுங்கியதையும், டிரெசரின் கண்முன்னே கொயினாவை முகம் சுளித்து விழுங்கியதையும் கதை கதையாகச் சொல்வார்கள். 1901-ல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார், காய்ச்சல் குறைந்தது. ஆனால் மலைப்பாங்கான தோட்டங்களில் அந்த வைத்தியம் பலிக்கவில்லை. காட்டை அழித்ததும் ஓடைகளில் வெயில் விழுந்தது. வெயில் பட்ட தெளிந்த நீரை விரும்பும் வேறொரு கொசு பெருகிவிட்டது! கித்தா நடுவதற்காக வெட்டிய காட்டிலிருந்தே நம் முன்னோருக்கு எமன் வந்தான்.

அந்தக் கதை முடிந்துவிட்டதா? பாதிதான் முடிந்தது. மனிதரிடமிருந்து மனிதருக்குக் கொசு வழியாகப் பரவும் மலேரியா, 2018-ஆம் ஆண்டில் மலேசியாவுக்குள் ஒருவருக்குக்கூடத் தொற்றவில்லை. ஆனால் அதே ஆண்டில் 4,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு மலேரியா கண்டது. இதென்ன முரண் என்கிறீர்களா? அவர்களுக்கு வந்தது குரங்கின் மலேரியா.

மலாய்க்காரர்கள் 'கெரா' என்பார்களே, நம் வாழைத்தாரைப் பறித்துக்கொண்டு ஓடும் அந்த நீண்ட வால் குரங்கு, அதன் இரத்தத்தில் குடியிருக்கும் கிருமி இது. பெயர் பிளாஸ்மோடியம் நோலெசி. 1931-ல் சிங்கப்பூரிலிருந்து கல்கத்தாவுக்குக் கொண்டுபோன ஒரு குரங்கிடம் முதலில் அகப்பட்டது. மறு ஆண்டே நோல்ஸ், தாஸ் குப்தா என்ற இரு ஆய்வாளர்கள் இது மனிதருக்கும் தொற்றும் என்று காட்டினார்கள். 1965-ல் பகாங் காட்டுப் பக்கம் போய்வந்த அமெரிக்கர் ஒருவருக்குக் கொசுக்கடியிலேயே வந்தது. எப்போதோ நடக்கும் அபூர்வம் என்று அதோடு உலகம் மறந்துவிட்டது.

சரவாக்கில் காப்பிட் என்ற ஊர். அங்கே மலேரியா கண்டவர்களின் இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், சாதாரணமாக அதிகத் தொல்லை தராத 'மலேரியே' என்ற வகைக் கிருமி போலவே தெரிந்தது. ஆனால் நோயாளிகளோ மிகவும் துவண்டு கிடந்தார்கள். பேராசிரியர் பல்பீர் சிங், ஜேனட் காக்ஸ்-சிங் ஆகியோரின் குழுவுக்கு இதில் சந்தேகம் தட்டியது. கண்ணை நம்பாமல் கிருமியின் மரபணுவைப் பார்த்தார்கள். மரபணு என்பது, உயிரின் உடல் எப்படி அமைய வேண்டும் என்று எழுதி வைத்த ஏடு போன்றது. அதில் ஒரு சிறு துண்டை எடுத்துக் கோடிக்கணக்கில் படியெடுக்க ஒரு முறை உண்டு, பி.சி.ஆர். என்பார்கள். அதைக்கொண்டு 208 நோயாளிகளைச் சோதித்தபோது, 120 பேரிடம் இருந்தது குரங்கின் கிருமி! 2004-ல் இந்த முடிவு வெளிவந்தது. நான்கு ஆண்டு கழித்து, 'மலேரியே' என்று பெயர் எழுதப்பட்டு இறந்துபோன நால்வரின் இரத்தத்திலும் நோலெசிதான் இருந்தது தெரியவந்தது. தப்பான பெயர் எழுதியதால் எத்தனை உயிர் முன்னமே போயிற்றோ!

இந்தக் கிருமி ஏன் பொல்லாதது? மற்ற மனித மலேரியாக் கிருமிகள் இரத்த அணுவுக்குள் பெருகி வெடித்து வெளிவர 48 மணி அல்லது 72 மணி நேரம் எடுக்கும். இதற்கு 24 மணி நேரமே போதும். அதாவது தினமும் ஒரு தலைமுறை. முறைவிட்டு வரும் காய்ச்சல் அல்ல, தினக் காய்ச்சல். திங்கட்கிழமை சமாளித்துக்கொண்டு வெட்டுக்குப் போனவர், வாரம் முடிவதற்குள் சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிடக் கூடும்.

இன்னொரு தந்திரமும் அதனிடம் உண்டு. நம் உடல் கிருமியின் மேல்சட்டையைப் பார்த்து அடையாளம் வைத்துக்கொண்டுதான் அதைத் தாக்குகிறது. களவாணி சட்டையை மாற்றிக்கொண்டால் காவற்காரன் என்ன செய்வான்? 1965-லேயே, பிரௌன் என்ற ஒரே பெயர் கொண்ட இரு ஆய்வாளர்கள் இந்தச் சட்டை மாற்றத்தை நோலெசி கண்ட குரங்குகளில் கண்டுபிடித்தார்கள். மனிதரைக் கொல்லும் 'பால்சிபாரம்' கிருமியிடம் ஏறக்குறைய 60 சட்டைகளுக்கான மரபணுக்கள் இருக்கின்றன. ஒரு நேரத்தில் ஒன்றுதான் வேலை செய்யும். மற்றவை பெட்டிக்குள் மடித்துவைத்த சேலை போல இறுகச் சுருண்டு பேசாமல் கிடக்கும். ஒன்றை மூடி இன்னொன்றைத் திறக்கும் அந்தச் சாவியைத்தான் விஞ்ஞானிகள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஆறறிவு இல்லாத ஒரு துளி உயிருக்கு இவ்வளவு சாமர்த்தியம்!

இனி உங்களுக்கு நேரே வேண்டிய விஷயம். விரலில் குத்தி ஒரு சொட்டு இரத்தம் விட்டதும் கோடு காட்டும் சோதனைப் பட்டை வந்திருக்கிறது அல்லவா? அது கிருமியைப் பார்ப்பதில்லை. கிருமி இரத்தத்தில் விடும் ஒரு புரதத்தைத்தான் தேடுகிறது. எச்.ஆர்.பி.2 என்ற அந்த அடையாளப் பொருளைப் பால்சிபாரம் விடும், நோலெசி விடாது. பால்சிபாரத்திலும்கூட அந்த மரபணுவையே இழந்துவிட்ட கிருமிகள் பெரு நாட்டில் இருப்பது 2010-ல் வெளியாயிற்று. ஆகவே 'கோடு வரவில்லை' என்றால் 'மலேரியா இல்லை' என்று பொருளாகாது.

இதைப் பரப்பும் கொசு காட்டோரத்தில் வாழ்வது. பொழுது சாயும்போதும் முன்னிரவிலும் வீட்டுக்கு வெளியே கடிக்கும். கொசுவலைக்குள் படுத்தால் மட்டும் தப்பிவிட முடியாது. காட்டோரச் செம்பனையில் வேலை செய்கிறவர்களும், பன்றி வேட்டைக்கும் ஆற்று மீனுக்கும் போகும் ஆண்பிள்ளைகளும் நீளக்கைச் சட்டை போடட்டும், கொசு விரட்டும் எண்ணெய் பூசிக்கொள்ளட்டும்.

தாய்மார்களே, உங்கள் வீட்டில் யாருக்காவது இரண்டு நாள் காய்ச்சல் விடாமல் அடித்தால், பனடோலை விழுங்கிவிட்டு மூன்றாம் நாள் வரை காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரியில் பெயர் கொடுக்கும்போதே, "காட்டுப் பக்கம் வேலை, குரங்குகள் நடமாடும் இடம்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். டெங்கியோ என்று மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால், மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காலத்தோடு கண்டுபிடித்தால் ஆர்ட்டிமிசினின் கலந்த மாத்திரைகளுக்கு இந்தக் கிருமி நன்றாகக் கட்டுப்படும்.