எந்தப் பரகேசரி? எந்த லட்சுமி?

1/ மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சோழர் வரலாறு. பயப்படாதீங்க, சுத்தி மருத்துவத்துக்குத்தான் வரப் போறேன்.

2/ சோழ மன்னர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாறி மாறி வைத்துக்கொண்டார்கள். 985ல் ஆட்சிக்கு வந்த அருள்மொழிவர்மன், அதாவது நம்ம ராஜராஜன், ராஜகேசரி. அவருக்கு முன்னால் ஆண்ட உத்தம சோழன் பரகேசரி. பின்னால் வந்த ராஜேந்திரனும் பரகேசரி.

3/ இன்னொரு கூத்து, உத்தம சோழனுக்கும் மதுராந்தகன்னு பேர், ராஜேந்திரனுக்கும் அதே பேர்! கல்வெட்டில் வெறும் "பரகேசரி, ஆட்சியாண்டு 5" என்று மட்டும் இருந்தால் அது யார்? எழுத்தின் வடிவம், கூட வரும் அதிகாரிகளின் பெயர் என்று பார்த்துத்தான் ஆய்வாளர்கள் முடிவு செய்ய வேண்டும்.

4/ எகிப்திலும் இதே கதைதான். ராம்சேஸ் என்ற பெயரில் மட்டும் 11 மன்னர்கள். ஒவ்வொருவருக்கும் பிறப்புப் பெயரோடு தனியாக அரியணைப் பெயரும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

5/ ராஜராஜன் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் தன் வெற்றிகளைச் சொல்லும் மெய்க்கீர்த்தியைச் சேர்த்தார். அவர் நினைத்தது புகழை. நமக்குக் கிடைத்தது பக்காவான அடையாளச் சீட்டு.

6/ இப்ப கிளினிக்குக்கு வருவோம். மயிலாப்பூரில் டாக்டர், தி.நகரில் லேப், அடையாறில் ஸ்கேன் என்று அலைகிற ஒருவரை எடுத்துக்கோங்க. ஒரு ரிப்போர்ட்டில் லட்சுமி, இன்னொன்றில் ஆர்.லட்சுமி, ஆதாரில் லட்சுமி ராமசாமி. கல்யாணத்துக்கு முந்தைய ஃபைலில் அப்பா இனிஷியலோடு கே.லட்சுமி. நாலும் ஒரே ஆளா, நாலு ஆளா?

7/ இது சின்ன விஷயம் இல்லை. பென்சிலின் அலர்ஜி என்று எழுதியிருப்பது அந்தப் பழைய கே.லட்சுமி ஃபைலில் மட்டும் என்றால்? ஒரே நாளில் ரெண்டு லட்சுமிக்கு ரத்தம் எடுத்து, குழாய் மாறிப் போனால்? ரத்தம் ஏற்றும்போது ஆள் மாறினால் உயிரே போகலாம்.

8/ அதனால்தான் பெயரோடு இன்னொரு அடையாளமும் (பிறந்த தேதி அல்லது மருத்துவமனைப் பதிவு எண்) பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்க விதி. கட்டில் எண் அடையாளம் ஆகாது. கட்டில் மாறும்.

9/ எங்க தரப்புக்கும் ஒரு வார்த்தை. "நீங்கதானே லட்சுமி?"ன்னு கேட்கவே கூடாது. காது கேட்காத பாட்டி எதுக்கும் தலையாட்டுவாங்க. "உங்க பேர் என்னம்மா, பிறந்த தேதி என்ன?"ன்னு அவங்க வாயாலேயே சொல்ல வைக்கணும்.

10/ நீங்க செய்ய வேண்டியது:
- எல்லா இடத்திலும் ஆதாரில் உள்ளபடியே முழுப்பெயர் கொடுங்க.
- பெயரோ இனிஷியலோ மாறியிருந்தால் பழைய பெயரையும் சொல்லுங்க, பழைய ஃபைலைத் தூக்கிப் போடாதீங்க.
- ரிப்போர்ட் வாங்கினதும் கவுன்ட்டரிலேயே பெயர், வயது, தேதி சரிபாருங்க.
- நர்ஸ் நாலாவது தடவை பெயர் கேட்டாலும் கோபப்படாம சொல்லுங்க. அவங்க வேலையைச் சரியா செய்றாங்க.

வீட்டில் அம்மா, அத்தை, பாட்டிக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க. இனிஷியல் மாறினது அவங்களுக்குத்தான்.