விடை வரும்வரை

மாமல்லபுரத்தை அடுத்த குப்பம் ஒன்றில், பார்க்கின்சன் நோயுற்ற மீனவப் பெரியவர் ஒருவரைக் காணச் சென்றோம். "நலமா, பெரியவரே?" என வினவினோம். அவர் இதழ் அசையுமுன், "நல்லா இருக்கார் சாமி" என்று மனைவியார் விடையளித்தார். நாமும் தலையசைத்து விடைபெற்றோம். அது பிழையென்று பின்னரே உணர்ந்தோம்.

மூளையில் டோபமின் குறைவதால் வரும் இந்நோய், உடலை நடுங்கச் செய்வதோடு நில்லாது குரலையும் தணிக்கும். தம் குரல் தணிந்ததை நோயாளர் பெரும்பாலும் அறியார். முகமும் அசைவற்றுப்போவதால், அவருக்குப் பேச விருப்பமில்லை என வீட்டார் எண்ணிவிடுகின்றனர்.

செங்கற்பட்டுவரை அடிக்கடி பயணம் செய்ய இயலாத அவருக்கு, இன்று கைபேசித் திரைவழியே பேச்சுப் பயிற்சி நடைபெறுகிறது. உரக்கப் பேசுதல் அவருக்குப் பாடம். தொலைக்காட்சியை அணைத்து, எதிரே அமர்ந்து, மனத்துள் பத்து எண்ணிக் காத்திருத்தல் மனைவியாருக்குப் பாடம்.

1986-இல் பரங்கிமலைக்கு வந்த திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலும் பின்னாளில் இந்நோயுற்றார். 2005 உயிர்ப்பு ஞாயிறன்று சாளரத்தில் நின்று பேச முயன்றார், குரல் எழவில்லை. மக்கள் அகலாது காத்திருந்தனர்.

சென்ற வாரம் மீண்டும் குப்பத்திற்குச் சென்றோம், வினவிவிட்டுக் காத்திருந்தோம். "கடல் எப்படி இருக்கு சாமி?" என்றார் பெரியவர்.

அன்புக் குடும்பத்தாரே, நோயுற்றவர் சொல்ல நினைப்பதை அவரே சொல்லட்டும். பத்து எண்ணும் பொறுமை நமக்கு வாய்க்கட்டும்.