தோட்டாவை வீட்டில் நிரப்பலாமா? இரண்டு கேள்விகள், இரண்டு பதில்கள்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

ஆஸ்திரேலியாவில் டார்வின் பக்கம் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் முறைப்படி உரிமம் எடுத்து .458 வின்செஸ்டர் மேக்னம் வேட்டைத் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். அங்கே வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட எருமைகள் காட்டில் பெருகிவிட்டன. சட்டத்துக்கு உட்பட்டு அவற்றை வேட்டையாடலாம். "சார், கடைத் தோட்டா விலை கட்டுப்படியாகவில்லை. சுட்ட கூட்டிலேயே திரும்ப மருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்கிறார்கள். ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டிருந்தார்.

இதைக் குடும்பக் குழுவில் சொன்னேன். விருத்தாசலம் பக்கம் விவசாயம் பார்க்கும் மருமகன் முறைக்காரர் உடனே, "மாமா, அதையே நம்ம ஊரில் பன்றிக்குச் செய்தால் என்ன?" என்றார்.

முதல் கேள்விக்கு என் பதில்: ஆரம்பிக்கலாம், ஆனால் ஆளிடம் கற்றுக்கொண்டு. இரண்டாவதற்கு: கூடவே கூடாது. காரணம் சொல்கிறேன்.

ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டபின் மிஞ்சுவது கூடு மட்டும். அது 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளை. விரிந்தாலும் அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம். அதனால்தான் இந்த வேலையே சாத்தியமாகிறது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். .458 தோட்டாவின் குண்டு 500 கிரெயின், அதாவது சுமார் 32 கிராம். விநாடிக்குச் சுமார் 640 மீட்டர் வேகம். பத்தாம் வகுப்பில் படித்த அரை எம்.வி. ஸ்கொயரைப் போட்டால் ஏறக்குறைய 6,600 ஜூல் வரும். 50 கிலோ அரிசி மூட்டையை நாலு மாடி உயரத்துக்குத் தூக்கும் ஆற்றல் அது. கூட்டுக்குள் எழும் அழுத்தம் சுமார் 60,000 பி.எஸ்.ஐ. வரை போகலாம். உங்கள் கார் டயரில் இருப்பது 30. அந்த அழுத்தம் உங்கள் கன்னத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் நடக்கிறது.

ஆகவே தம்பி, நான் சொல்வது இதுதான். வீடியோ பார்த்து ஆரம்பிக்காதே. மருந்து தயாரிக்கும் நிறுவனம் அச்சிட்ட கையேட்டை வாங்கு. அதில் உன் குண்டுக்கும் உன் மருந்துக்கும் போட்டிருக்கும் ஆரம்ப அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும், உச்ச அளவிலிருந்து அல்ல. மேசைமேல் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்க வேண்டும். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். தராசை ஒவ்வொரு முறையும் எடைக்கல் வைத்துச் சரிபார்.

பெரிய துளைத் துப்பாக்கிக்கு உரிய இரண்டு ஆபத்துகளையும் தெரிந்துகொள். கூடு பெரிது. மருந்து பாதிக்குக் கீழே நின்றால், மறதியில் இன்னொரு தடவை கொட்டினாலும் உள்ளே போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. கூட்டை நன்றாக நிரப்பும் மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இரண்டாவது தடவை வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். அடுத்தது உதைப்பு. ஒவ்வொரு வெடிக்கும் மேகசினில் காத்திருக்கும் தோட்டாக்களும் அடி வாங்குகின்றன. கூட்டின் வாயை இறுக்கிப் பிடிக்காவிட்டால் குண்டு உள்ளே இறங்கும், அழுத்தம் ஏறும். முதல் ஐம்பது தோட்டாக்களையாவது அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க நிரப்பு. பணம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் இதில் இறங்காதே. கருவிகளின் விலையே பல பெட்டித் தோட்டாக்களுக்குச் சமம். அளந்து செய்யும் வேலையில் உனக்குப் பிரியம் இருந்தால் மட்டும் இறங்கு.

இனி மருமகனுக்கு.

மாப்பிள்ளை, பன்றியால் நீங்கள் படும் பாடு எனக்குத் தெரியும். ஒரே இரவில் மணிலாக் கொல்லையை உழுது போட்டுவிட்டுப் போகும். ஆனால் இங்கே சட்டம் வேறு. வேட்டையை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்கத் தனி உரிமம் வேண்டும். துப்பாக்கி உரிமம் இருந்தாலும் எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதுகூட அதில் எழுதப்பட்டிருக்கும். உரிமமில்லாத தயாரிப்புக்கு 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியைச் சுட 2025 ஜனவரியில் அரசு வழி திறந்தபோதும், சுடும் பொறுப்பை வனத்துறையிடம்தான் கொடுத்தது.

"திருவிழா வேட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக மருந்து இடிக்கிறோமே, பயமென்ன?" என்று சிலர் கேட்பீர்கள். வேட்டு மருந்து வேறு, தோட்டா மருந்து வேறு. கரிமருந்துக்கென்று செய்த நாட்டுத் துப்பாக்கியில் புகையில்லா மருந்தை அதே அளவு போட்டால் குழாய் பிளந்து கையும் கண்ணும் போகும். அழுத்தத்துக்குப் பரம்பரை தெரியாது.

துப்பாக்கி கிடைக்காதவர்கள் போகும் குறுக்குவழி அவுட்டுக்காய். அது யாருக்கு வைத்ததென்று பார்த்து வெடிப்பதில்லை. 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில், வெடி வைத்த தீனியைக் கடித்து வாய் சிதைந்த கர்ப்பிணி யானை, எதையும் தின்ன முடியாமல் ஆற்றில் நின்றபடியே செத்தது. அடுத்த மாதமே திருச்சி மாவட்டத்தில் 6 வயதுப் பையன் வெடியைத் தின்பண்டம் என்று நினைத்துக் கடித்து இறந்தான். மீன் பிடிக்க வாங்கி வந்த வெடி அது. உங்கள் வீட்டிலும் அந்த வயதில் பிள்ளை இருக்கிறது.

நெய்வேலியில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்தில் கடினமான மணற்பாறையை வெடி வைத்துத் தளர்த்திய பிறகுதான் பக்கெட் வீல் இயந்திரம் வெட்டும். அந்த வெடியைக் கையாளுபவருக்குச் சான்றிதழ் உண்டு. எடுத்தது எத்தனை, திருப்பியது எத்தனை என்று பதிவேடு உண்டு. உங்கள் அப்பாக்களில் பலர் அந்த ஒழுங்குக்குள் வேலை செய்து பத்திரமாக ஓய்வுபெற்றவர்கள். அவர்களைக் காப்பாற்றியது தைரியம் அல்ல, அந்தப் பதிவேடு.

டார்வினில் இருப்பவருக்கும் விருத்தாசலத்தில் இருப்பவருக்கும் நான் வேறு வேறு பதில் சொல்வதற்குக் காரணம் அறிவு வித்தியாசம் இல்லை. அங்கே அச்சிட்ட அளவும், சோதித்த மருந்தும், கேள்வி கேட்கும் சட்டமும் இருக்கின்றன. இங்கே நம் கொல்லையில் அந்த மூன்றில் சட்டம் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்கிறது.

மாப்பிள்ளை, பயிர்ச் சேதத்துக்கு வனத்துறையிடம் இழப்பீடு கேட்டு எழுதுங்கள். மனு எழுத நான் வருகிறேன். கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. வேறு கருத்து உள்ளவர்கள் கீழே எழுதுங்கள், படித்துப் பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார், நெய்வேலி