வெட்டிய பலகை வளராது



வீட்டுக்கு ஒரு கதவு, குசினிக்கு ஒரு தட்டு, பிள்ளைக்கு ஒரு மேசை என்று ஏதாவது ஒரு மரவேலை எல்லா வீடுகளிலும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பலகையின் தரத்தைப் பார்க்கிறோம். கூலியைப் பேசித் தீர்க்கிறோம். ஆனால் அளவு எதைக் கொண்டு எடுக்கப்படுகிறது என்பதை எவரும் கவனிப்பதில்லை. அந்தக் கவனக் குறைவினால் ஒரு நல்ல மனிதர் மீது வீண் பழி விழ இருந்த கதையை இம்மாதம் சொல்லப் போகிறேன்.

எனது ராத்தாவின் வீட்டில் பீங்கான் கோப்பைகள் வைக்கும் பழைய அலுமாரி ஒன்று உண்டு. அதன் இரண்டு தட்டுகள் உக்கிப் போய்விட்டன. புதுத் தட்டுகளுக்குப் பலா மரப் பலகை வாங்கச் சிறுகச் சிறுகச் சேர்த்த சல்லியை ராத்தா எடுத்துத் தந்தார். நான் எனது டேப்பினால் உள் அகலத்தை அளந்தேன். முப்பத்தைந்தரை அங்குலம் எனக் கடுதாசியில் எழுதி, அயலிலுள்ள ஓடாவியிடம் கொடுத்தனுப்பினேன். அவர் வயதானவர். தந்தை காலத்து மஞ்சள் நிற மர அளவுகோலையே இன்றும் பாவிக்கிறார். நான்காக மடியும், பித்தளைப் பூட்டுகள் கொண்ட மூன்று அடி நீளக் கோல் அது.

தட்டுகள் வந்தன. அலுமாரியின் இரு பக்கங்களிலும் அரை அங்குலக் கட்டைகள் அறையப்பட்டிருந்தன. அவற்றின் மேல் தட்டு நன்றாகவே அமர்ந்தது. மறுநாள் ராத்தா கோப்பைகளை அடுக்கும்போது தட்டு சற்று ஒரு பக்கம் நகர்ந்தது. மறுபக்கம் கட்டையை விட்டு நழுவியது. தட்டும் கோப்பைகளும் சேர்ந்து விழுந்தன.

"தம்பி, அந்தப் பழைய மடிப்புக் கோலால அளந்தா இப்பிடித்தான் வரும். நல்ல டேப் ஒண்டு வாங்கச் சொல்லுங்க அந்த மனிசனுக்கு" என்றார் ராத்தா. நானும் அப்படித்தான் நினைத்தேன். மீதிக் கூலியை நிறுத்தி வைப்போம் என்றும் பேசிக்கொண்டோம்.

ஓடாவியை அழைத்தோம். அவர் வாதாடவில்லை. "மௌலவி, கடுதாசில இருந்த அளவுக்குத்தான் வெட்டியிருக்கன். வச்சுப் பாருங்க" என்றார். வைத்துப் பார்த்தோம். மயிரிழை கூடப் பிசகாமல் முப்பத்தைந்தரை அங்குலம். பிறகு அவர் தமது கோலை விரித்து அலுமாரியினுள் வைத்தார். மூன்று அடிக் கோல், அதாவது முப்பத்தாறு அங்குலம், இரு பக்கமும் முட்டி நின்றது. அரை அங்குலத்தைத் தின்றது அவருடைய கோல் அல்ல, என்னுடைய டேப்!

எப்படி நேர்ந்தது? இதனை விளங்கிக்கொண்டால் எதை வாங்குவது, எதை எதற்குப் பாவிப்பது என்பதும் விளங்கிவிடும்.

டேப்பின் நுனியில் ஒரு சிறு உலோகக் கொக்கி உண்டு. அது இலேசாக ஆடும். பலர் அதைப் பழுது என்று நினைத்துச் சுத்தியலால் அடித்து இறுக்கிவிடுவார்கள். அது பழுதல்ல. கொக்கியின் தடிப்பு எவ்வளவோ அவ்வளவு தூரம் ஆடுவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டிருக்கிறது. பலகையின் விளிம்பில் மாட்டி இழுத்தால் கொக்கி வெளியே வரும். சுவரில் முட்டினால் உள்ளே போகும். இரு வகையிலும் அளவு சரியாக அமையும். ஆனால் டேப் கீழே விழுந்து கொக்கி வளைந்துவிட்டால் கணக்கு கெட்டுவிடும். எனது டேப்பின் கொக்கி வெளிப்புறமாக வளைந்திருந்தது. அதனால் வளைந்த நுனி முதலில் மரத்தில் முட்டி, உண்மையான அளவை விடக் குறைத்துக் காட்டியது.

இரண்டாவது பிழை என்னுடையது. அலுமாரியின் மறுமூலையில் நாடாவை வளைத்து, வளைந்த இடத்தில் இலக்கத்தைக் கண் மதிப்பாக வாசித்தேன். இவ்விரண்டு பிழைகளும் சேர்ந்தே அரை அங்குலமாயின. டேப்பின் பெட்டியை மூலையில் முட்ட வைத்து, பெட்டியின் வாயில் தெரியும் அளவோடு பெட்டியின் நீளத்தையும் கூட்டியிருக்க வேண்டும். பல டேப்புகளில் அந்த நீளம் பெட்டியிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

அப்படியானால் மடிப்புக் கோல்தான் சிறந்ததா? அப்படியும் சொல்வதற்கில்லை. அதன் சிறப்பு அது விறைப்பாக நிற்பதுதான். தொய்யாது, கொக்கியும் இல்லை. ஓரத்தின் மேல் நிமிர்த்தி வைத்தால் கோடுகள் மரத்தையே தொடும். எனவே சரிவாகப் பார்த்து ஏமாற வேண்டியதில்லை. உள் அளவு எடுப்பதற்கென்றே நுனியில் இழுபடும் பித்தளைத் துண்டு வைத்த ஆறு அடிக் கோல்கள் அமெரிக்காவில் செய்யப்பட்டன. ஜெர்மனியில் பத்துத் துண்டுகளாக மடியும் இரண்டு மீற்றர்க் கோல் தச்சர்களின் காற்சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். ஆனால் பத்துத் துண்டு என்றால் ஒன்பது மூட்டுகள். அவை தேய்ந்து ஆடத் தொடங்கினால் சிறு சிறு பிழைகள் ஒன்று சேர்ந்து பெரிதாகிவிடும்.

சுருள் டேப்பும் நேற்று வந்த பொருளல்ல. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த அல்வின் ஃபெலோஸ் என்பவர் 1868இலேயே சுருள்வில் டேப்பொன்றுக்கு உரிமம் பெற்றார். அறையின் நீளம், கூரைச் சலாகை, நீண்ட பலகை போன்றவற்றை அளப்பதற்கு டேப்பை மிஞ்ச எதுவுமில்லை.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஐரோப்பிய முறைப்படி செய்யப்பட்ட அளவுகருவிகளில் I, II, III என்ற ரோம இலக்கம் ஒன்று இருக்கும். அது நுட்பத்தின் தரம். இரண்டாம் தரக் கருவியில் 2 மீற்றருக்கு 0.7 மில்லிமீற்றரும், மூன்றாம் தரத்தில் 1.4 மில்லிமீற்றரும் கூடக் குறைய இருக்கலாம். மர மடிப்புக் கோல்கள் பல மூன்றாம் தரத்தவை. ஆகவே பழையது பிழை, புதியது சரி என்றோ, அதற்கு மாறாகவோ எண்ணிவிடக் கூடாது.

வீட்டில் இருக்கும் டேப்பைச் சோதிப்பது இலகு. ஒரு பலகையைக் கொக்கி மாட்டி அளந்து பாருங்கள். பிறகு கொக்கியை விட்டுவிட்டு, 10 சென்ரிமீற்றர்க் கோட்டை விளிம்பில் வைத்து அளந்து, வந்த விடையிலிருந்து 10ஐக் கழியுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் மாட்டி அளப்பதற்குக் கொக்கி நல்லது. முட்டி அளப்பதற்கும் நல்லதா என்று அறிய, அதே பலகையைச் சுவரில் முட்ட வைத்து, டேப்பையும் சுவரில் முட்டி அளந்து பாருங்கள். தையல் நாடாவைக் கொண்டு மரத்தை அளக்கவே வேண்டாம். துணி நாடா பாவிக்கப் பாவிக்க இழுபடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்றுண்டு. ஒரு வேலைக்கு ஒரே அளவுகோல்தான் இருக்க வேண்டும். நீங்கள் ஒன்றால் அளந்து, ஓடாவி வேறொன்றால் வெட்டினால் இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் உங்கள் பலகையில்தான் வந்து விழும். எனவே அளவைக் கடுதாசியில் எழுதி அனுப்பாதீர்கள். வெட்டுகிறவரே வந்து, வெட்டும் கோலினாலேயே அளக்கட்டும். வர முடியாவிட்டால் ஒரு மெல்லிய சலாகையை உள்ளே சரியாக முட்டும்படி வெட்டி அதனை அனுப்புங்கள். அதில் இலக்கமும் இல்லை, வாசிக்கும் பிழையும் இல்லை.

கதையை முடிக்கிறேன். ஓடாவியின் மீதிக் கூலியை அன்றே கொடுத்தேன். புதுப் பலகைக்கும் உடைந்த கோப்பைகளுக்கும் எனது பையிலிருந்து கொடுத்தேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்ல மௌலவி, பலக குறைஞ்சா வேற பலக வாங்கலாம்" என்றார் அவர். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. குறுகிய இரண்டு தட்டுகளையும் அவரே எடுத்துச் சென்று, ராத்தாவின் பேத்திக்கு ஒரு புத்தகத் தட்டு செய்து தந்தார். அதற்குக் கூலி வாங்க மறுத்துவிட்டார்.

பிழை நேர்ந்தால் வேலை செய்தவரைச் சந்தேகிக்குமுன் நமது அளவை ஒரு தடவை திரும்ப அளந்து பார்ப்போமாக.