விசிறியின் முறையீடு

கம்ப்யூட்டர் என்னும் கணிப்பொறி இன்று நம் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் மட்டுமன்றி, மாணாக்கர் பலருடைய இல்லங்களிலும் இடம்பெற்றுவிட்டது. அவற்றுட் சில, முன்பு பிறர் பயன்படுத்தியதைக் குறைந்த விலைக்கு வாங்கியவை. இத்தகைய பழைய யந்திரத்திற்குப் புத்துயிர் அளிக்கும் எளிய வழி, தேய்ந்த ஹார்ட் டிஸ்க்கை நீக்கிப் புதியதொன்றைப் பொருத்துதலாம். ஆயின், மாற்றிய அன்றே சில யந்திரங்களில் விசிறி ஓயாது பேரிரைச்சல் இடத் தொடங்குகிறது. அதனை எவ்வாறு அடக்குவது என்று வினவுவார் பலர். அஃது ஏன் எழுந்தது என்று வினவுவார் சிலரே. பின்னைய வினாவே முதற்கண் வினவத்தக்கது என்பது எமது துணிபு.

விசிறி தன் வேகத்தைத் தானே வகுத்துக்கொள்வதன்று. யந்திரத்தினுள் ஆங்காங்கே வெப்பத்தை அளக்கும் உணர்கருவிகள் உள்ளன. அவை அனுப்பும் செய்திக்கேற்ப ஒரு சில்லு விசிறியை விரைவாகவோ மெதுவாகவோ ஓட்டுகிறது. ஓர் உணர்கருவியிடமிருந்து செய்தியே வாராதாயின், அச்சில்லு யாது செய்யும்? வெப்பம் இல்லை என்று வாளாவிருப்பின் யந்திரம் கெடக்கூடும். ஆதலின் ஆபத்து உண்டென்றே கொண்டு, விசிறியை முழு வேகத்தில் சுழற்றுகிறது. தூதுவன் வாராத இரவில் கோட்டைக் காவலர் அனைவரும் விழித்திருப்பதை இஃது ஒக்கும். எனவே இரைச்சல் விசிறியின் குற்றமன்று; செய்தி அறுந்தது என்னும் முறையீடேயாம்.

இதற்குப் பலரும் அறிந்த சான்று ஆப்பிள் கம்பெனியாரின் ஐமேக் கணிப்பொறி. 2009-ஆம் ஆண்டின் இறுதிக்கு முன் வந்த அலுமினிய ஐமேக்குகளில் ஹார்ட் டிஸ்க்கின் மேற்புறத்தே சிறு உணர்கருவி ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. அதனைப் பெயர்த்துப் புதிய டிஸ்க்கின்மேல் ஒட்டினால் வேலை முடிந்தது. 2009-ஆம் ஆண்டின் இறுதியில் வந்தவற்றிலோ, டிஸ்க்கின் பின்களிலேயே ஒரு கம்பி செருகப்பட்டது. அக்கம்பி டிஸ்க்கைச் செய்த கம்பெனிக்கேற்ப வேறுபட்டமையால், ஒன்றற்குரியது மற்றொன்றற்குப் பொருந்தவில்லை. 2011-இல் வந்தவற்றில் வழக்கமான நான்கு கம்பி மின்னிணைப்பு ஏழு கம்பியாயிற்று. டிஸ்க்கினுள் எழுதப்பட்ட தனி நிரலும் அதனோடு சேர்ந்தே வெப்பச் செய்தியை அனுப்பிற்று. கடையில் விற்கும் பொது டிஸ்க்கை அதிற் பொருத்தியவர் எல்லாம் விசிறியின் ஓலத்தைக் கேட்டனர்.

நிற்க. இரைச்சல் அனைத்திற்கும் இதுவே காரணம் என்று கொள்ளலாகாது. யந்திரத்தைத் திறந்து மூடுகையில் விலகிய கம்பியொன்று விசிறியின் இதழில் உரசலாம். டிஸ்க்கின் திருகாணி தளர்ந்து பெட்டியே அதிரலாம். அத்திப்பட்டிலும் எண்ணூரிலும் வாழ்வோர்க்கு இன்னுமொரு காரணம் அண்மையிலேயே உண்டு. 1994 முதல் 1996 வரை அத்திப்பட்டில் மூன்று அலகுகளாக எழுந்த 630 மெகாவாட் வடசென்னை அனல்மின் நிலையமும், நிலக்கரி இறக்குவதற்கென அமைந்து 2001-இல் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகமும் நாட்டுக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் கரித்தூளும் சாம்பலும் காற்றில் வந்து படிவதைத் திண்ணையை நாள்தோறும் துடைக்கும் தாய்மார் அறிவர். திண்ணையிற் படிவது கணிப்பொறியினுள்ளும் படியாதிராது. வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகடுகளின் இடைவெளி தூசியால் அடைபட்டால் விசிறி விரைந்து சுழலுதல் இயல்பே. எனவே மின்சாரத்தை நீக்கி, இதழைக் கையாற் பிடித்துக்கொண்டு, காற்றடித்துத் தூசியைப் போக்குதல் முதற்பணி. பிடியாது காற்றடித்தால் விசிறி அளவுக்கு மீறிச் சுழன்று அதன் தாங்கி கெடும்.

இனி, குறுக்குவழி ஒன்றைக் கூறுவாரும் உளர். உணர்கருவிக்குச் செல்லும் கம்பியின் இரு முனைகளையும் ஒன்றாக இணைத்துவிட்டால், வெப்பம் குறைவென்று சில்லு ஏமாந்து விசிறியை மிக மெதுவாக ஓட்டும் என்பர். ஐமேக் சிலவற்றில் இஃது உண்மையே. புதிதாகப் பொருத்துவது சுழலும் பகுதியற்ற எஸ்.எஸ்.டி. ஆயின் அதன் வெப்பம் சிறிது; ஆதலின் தீங்கில்லை என்பது அன்னாரது வாதம். இதில் ஓரளவு நியாயம் உண்டென்பதை யாமும் ஒப்புவோம். எனினும் அவ்விசிறி டிஸ்க்கிற்கு மட்டும் காற்று வீசுவதன்று. அதன் அண்டையிலுள்ளவற்றிற்கும் வீசுகிறது. விசிறியின் வேகம் பாதியானால் ஓசை ஏறக்குறைய 15 டெசிபல் குறையும். அதனோடு காற்றும் பாதியாய்விடும். சித்திரை வெயிலில் எண்ணூர்க் காற்றைச் சுவாசிக்கும் யந்திரத்திற்கு இதனைச் செய்தல், அழும் குழந்தையின் வாயைப் பொத்துவதற்கு நிகராம்.

நேர்வழிகளும் உள. டிஸ்க்குகள் தம் வெப்பத்தைத் தாமே அளந்து கூறும் ஸ்மார்ட் என்னும் முறையை உடையன. அதனைப் படித்து விசிறியை ஆளும் நிரல்கள் கிடைக்கின்றன. அந்நிரல் இயங்காத வேளையில் இரைச்சல் மீளும் என்பதொன்றே குறை. புதிய டிஸ்க்கின்மேல் வேறோர் உணர்கருவியை ஒட்டிப் பழைய இணைப்போடு சேர்ப்பது அதனினும் நன்று. இவ்விரண்டும் அறுந்த செய்தியை மீண்டும் ஓடச் செய்வன. பொய்ச் செய்தி கூறுவன அல்ல.

இவ்விடத்துச் செய்வோர் கடமையையும் கூறாதிருத்தல் தகாது. தம் அளவைமுறையே மிக நுட்பமானது என்று அவர் கூறலாம். நுட்பம் வேறு; மறைபொருள் வேறு. டிஸ்க் என்பது தேயும் பொருள். தேயும் பொருளை உடையவன் மாற்றவொண்ணாதபடி அமைப்பது, விலை கொடுத்தவனை வாடகைக்குடியாக்குவதேயாம். சென்னை ரிச்சி தெருவில் திருகாணி முடுக்கியோடு அமர்ந்திருக்கும் தொழிலாளர் எத்துணைத் திறமுடையரேனும், வரைபடமும் உறுப்பும் கிடையாவிடின் என் செய்வர்? இந்திய அரசாங்கத்தார் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்து ஒரு குழு அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அதற்கென ஓர் இணையவாயிலையும் தொடங்கினர். தொடக்கம் நன்றே. உறுப்புகளையும் கையேடுகளையும் கம்பெனிகள் கட்டாயமாக அளிக்கச் சட்டம் பிறத்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

மாணாக்கர்காள்! யந்திரம் இரையும்போது அதனைச் சபித்தலும், குப்பையில் எறிதலும், வாயடைத்தலும் எளிய. திறந்து பார்த்து, தூசியா, தளர்ந்த திருகாணியா, அறுந்த செய்தியா என ஒவ்வொன்றாய் ஆராய்ந்து காரணம் காணுதலே கற்றார்க்கு அழகு. அவ்வாறு கண்டவர் தம் யந்திரத்தைக் காப்பதோடு, அடுத்த வீட்டார்க்கும் உதவுவர். நம் ஊர்க் குப்பைமேட்டின் சுமையிலும் ஒன்று குறையும்.